தெளிவு வேறு, தூய்மை வேறு!

(எப்போதும்வென்றானில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு சொல்லாலாகிய ஊர்ப்பெயர்கள் தமிழ்நாட்டிற் பல. இரு சொல் இணைந்தவை மிகப் பல. ஒரு முழுத்தொடரே ஊர்ப்பெயராய் நிற்பது அரிதினும் அரிது. எப்போதும்வென்றான்! அயற்சொல் ஒன்றும் கலவாத தொடர். இதன்கண் 'வென்றான்' என்பது இறந்தகாலம். 'எப்போதும்' என்பதோ முக்காலத்தையும் தழுவுவது. பண்டு பெற்ற வெற்றி இன்றும் தொடர்கின்றது, நாளையும் தொடரும் என்பதே இத்தொடர் தரும் பொருள்.

தூத்துக்குடியினின்று மதுரை செல்லும் பெருஞ்சாலையில், ஓட்டப்பிடாரம் வட்டத்துக் கரிசற்காட்டில் அமைந்தது இவ்வூர். இதனைச் சூழ்ந்து எட்டையபுரம், விளாத்திகுளம், கோவிற்பட்டி வரை பரந்து கிடப்பது வானம் பார்த்த நிலம். இந்நிலத்து மக்கள் வென்றவை பல. வெயிலை வென்றனர், வறட்சியை வென்றனர், இரண்டு மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் உளுந்தும் விளைவித்துக் காட்டினர். ஆயினும் ஒரு போர் இன்னும் முடிந்தபாடில்லை. அது குடிநீர்ப் போர்.

இப்போரில் முன்னோர் அறிந்த பகைகள் இரண்டு. ஒன்று நீரின்மை, மற்றொன்று உவர். தோண்டாவிட்டால் வறள், தோண்டினால் உப்பு. இவ்விரண்டிற்கும் அஞ்சியே அவர்கள் ஊருணி வெட்டி மழைநீரைத் தேக்கினர். மூன்றாம் பகை ஒன்று உண்டு. அது கண்ணுக்கு எளிதிற் புலப்படாது. நாவுக்கும் பெரும்பாலும் தட்டுப்படாது. மக்கள் வழக்கில் அதற்குப் பெயரும் இல்லை. பெயரறியாப் பகையை எங்ஙனம் வெல்வது? அப்பகைக்குப் பெயரிட்டு, அதன் வகைகளைப் பிரித்துக் காட்டி, அதனை அடக்கும் முறையைச் சொல்வதே இவ்வுரையின் நோக்கம்.

கரிசலும் கலங்கலும்

துலை, நளித் திங்கள்களில், அதாவது ஐப்பசி கார்த்திகையில், கரிசற்காட்டில் மழை இறங்குகின்றது. அந்நீர் ஊருணிக்கு எவ்வழி வந்து சேர்கின்றது என்று எண்ணிப் பாருங்கள். வேலிக்கருவையின் உதிர்ந்த இலை, அறுத்தெடுத்த கம்பின் அடித்தட்டை, ஆட்டுப் புழுக்கை, மாட்டுச் சாணம், காய்ந்த கோரை ஆகிய அனைத்தையும் அலசிக்கொண்டு வரத்துக்கால் வழியே வந்து விழுகின்றது. தேயிலையைக் கொதிநீரில் இட்டால் அதன் சாறு இறங்குவதை அறியாதார் யார்? சருகை மழைநீரில் ஊறவிட்டாலும் சாறு இறங்கத்தான் செய்யும். கொதிநீர் சில மணித்துளிகளிற் செய்வதை மழைநீர் சில நாள்களிற் செய்கின்றது, அவ்வளவே வேறுபாடு.

கரிசல் கருப்பாய் இருத்தலின் அதன்கண் மட்கு மிகுதி என்று பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. கரிசல் மண்ணிலுள்ள கரிமம் பொதுவாக நூற்றில் ஒரு பங்கினும் குறைவே. அச்சிறு மட்கு, நீர் பட்டால் வீங்கிக் காய்ந்தால் பாளம் பாளமாய் வெடிக்கும் களியோடு இறுகப் பிணைந்து நிற்பதும், மண்ணிற் கலந்துள்ள கரிய இரும்புக் கனிமங்களுமே அந்நிறத்திற்குக் கரணியங்கள் என்பர் மண்ணியலார்.

அப்பிணைப்பே நீருக்குள் தொல்லையாகின்றது. களித்துகள் எதிர்மின்னேற்றம் உடையது. மட்குப் பொருளும் எதிர்மின்னேற்றம் உடையது. மட்கு, களியின்மேற் போர்வைபோற் படிந்துகொள்ள, துகளும் துகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நாட்கணக்கில் அடியிற் படியாமல் மிதக்கின்றன. மழை பெய்து பத்து நாள் கழித்தும் ஊருணி நீர் பால்கலந்த தேநீர்போல் நிற்பதன் கமுக்கம் இதுவே.

தேற்றாவின் சிறப்பும் எல்லையும்

அக்கலங்கலைத் தெளிவிக்கத் தமிழர் கண்ட மருந்து தேற்றா விதை. குடத்தின் உட்புறத்தில் அவ்விதையைத் தேய்த்து நீரை ஊற்றி வைத்தால், மறுநாட் காலையில் மண் அடியிற் படிந்து நீர் மேலே தெளிந்திருக்கும். பழந்தமிழில் இம்மரத்திற்கு இல்லம் என்று பெயர். கலித்தொகையின் நெய்தற் பகுதி, தலைவனைச் சேர்ந்து கலக்கம் நீங்கிய தலைவிக்கு, இவ்விதையால் தெளிந்த நீரை உவமையாக்குகின்றது. 'தேற்றுதல்' என்னும் வினைக்குத் தெளிவித்தல் என்பதும் பொருள். ஆறுதல் கூறுதல் என்பதும் பொருள். கலங்கிய நீருக்கும் கலங்கிய நெஞ்சிற்கும் ஒரே வினையை ஆண்ட மொழி தமிழ்!

முருங்கை விதையும் இவ்வாறே நீரைத் தெளிவிக்க வல்லது. அதிலுள்ள புரதம் நேர்மின்னேற்றம் உடையது. ஆகலான் எதிர்மின்னேற்றம் உடைய களியைப் பற்றி இழுத்துக் கட்டியாக்கிக் கீழே வீழ்த்துகின்றது. படிகாரம் செய்யும் வேலையும் ஏறத்தாழ இதுவே. இன்று உலகெங்கும் நீர்நிலையங்களில் நிகழும் திரட்டல் என்னும் முதற்பணியைப் பானையளவிற் செய்து காட்டியவர் நம் முன்னோர்.

ஆனால், பெருமை பேசுங்கால் உண்மையை மறைத்தல் தமிழ்த்தொண்டு ஆகாது. அரைத்த விதை நீரிற் கரையும்போது, தன் மாவையும் எண்ணெய்ப் பசையையும் நீருக்கே விட்டுச்செல்கின்றது. அவை நுண்ணுயிர்களுக்கு இரை. அந்நீரை இரண்டு நாள் வைத்திருந்தால் நாற்றம் எழலாம். மேலும், விதை வீழ்த்துவது மிதக்கும் மண்ணையே. நீரோடு நீராய்க் கரைந்துவிட்ட சருகுச் சாற்றில் பெரும்பகுதி அப்படியே நிற்கும். தெளிந்த நீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி மேலிருந்து உற்றுநோக்குங்கள். அடியில் மண் இராது. ஆனால் ஓர் இளமஞ்சட் சாயல் இருக்கும். மண் போயிற்று, மஞ்சள் போகவில்லை.

தெளிவு வேறு, தூய்மை வேறு! மூன்றாம் பகை வாழ்வது அந்த மஞ்சளில்தான்.

பெயரும் வகையும்

அம்மஞ்சளை உண்டாக்குவன, ஒருகாலத்தில் உயிராய் இருந்தவற்றின் எச்சங்கள். இலை, வேர், பாசி, புழு, சாணம் ஆகியவை மட்கி, உடைந்து, கரைந்து நிற்கும் பொருள்களை அறிவியலார் இயற்கைக் கரிமப்பொருள் என்பர். கரி என்பதன் அடியாகக் கரிமம் பிறந்தது. சொல்லைக் கேட்டவுடனே பொருளின் உட்கரு விளங்குகின்றது பாருங்கள்!

இப்பொருளை மேலையர் ஆராயத் தொடங்கி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றன. 1786-இல் செருமானிய அறிஞர் அக்கார்டு என்பார், மட்கிய சதுப்புமண்ணைக் காரநீரில் ஊறவைத்துக் கருஞ்சாறு ஒன்றைப் பிரித்தார். பின்னர்ச் சுவீடன் நாட்டு வேதியியலார் பெர்சீலியசு, போர்லா என்னும் ஊற்றின் நீரை ஆராய்ந்து, அதில் நிறந்தரும் காடிகள் இருப்பதைக் கண்டு, ஊற்றுக்காடி என்று தம் தாய்மொழியிலேயே பெயரிட்டார். 1919-இல் அந்நாட்டு ஓடென் என்பார், அவற்றுள் மஞ்சள்நிறப் பகுதிக்குப் பொன்மஞ்சளைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாற் பெயரிட்டார். கரும்பகுதியின் பெயரோ மண்ணைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று வந்தது. மண், பொன் என்னும் இரண்டே அப்பெரும் பெயர்களின் உட்பொருள். தமிழில் ஒன்றனை மட்குக்காடி என்றும், மற்றதனைப் பொன்மட்குக்காடி என்றும் வழங்கினால் எட்டாம் வகுப்பு மாணவனுக்கும் விளங்கும். புளிப்பு மிகுந்த நீரில் மட்குக்காடி திரண்டு படிந்துவிடும். பொன்மட்குக்காடி எந்நிலையிலும் கரைந்தே நிற்கும்.

இவற்றோடு வேறு இரு வகைகளும் உண்டு. நீருக்குள்ளேயே பிறந்து நீருக்குள்ளேயே மடியும் பாசி விட்டுச்செல்லும் பொருள் ஒன்று; இதில் மாவும் புரதமும் மிகுதி, நிறம் குறைவு. ஊர்ச் சாக்கடையும் கால்நடைக் கழிவும் சேர்ப்பது மற்றொன்று. இதில் வெடியவளி சேர்ந்த பொருள்கள் மிகுதி. ஆக, இலைவழி வந்த மட்குப்பொருள், நீர்வழி வந்த பாசிப்பொருள், ஊர்வழி வந்த கழிவுப்பொருள் என மூன்று. நீரில் உள்ளது இம்மூன்றனுள் எது, எவ்வளவு என்று பகுத்தறிவதே இனங்காணல்.

கலங்கல், வண்டல், சேறு, அளறு, கசடு, மண்டி, பாசி, ஊறல் என்று நீரின் குற்றங்களை இத்தனை சொற்களாற் பகுத்துப் பார்த்த இனம் தமிழினம். இன்றோ அனைத்தையும் 'அழுக்கு' என்னும் ஒரே சாக்கிற் கட்டிவிட்டு, ஒரே மருந்தைக் கொட்டிவிட்டுப் போகின்றனர். பெயர் ஒன்றானால் மருந்தும் ஒன்றாகிவிடும். அங்கேதான் கேடு தொடங்குகின்றது.

காப்பதும் அதுவே, கெடுப்பதும் அதுவே

அவ்வொரே மருந்து எது? குளோரின் எனப்படும் பாசிகம். வெளுப்புத்தூளாக அதனைத் தொட்டியில் இடுகின்றனர். அதன் அருமையை முதலிற் சொல்லிவிட வேண்டும்.

1892-இல் செருமனியின் ஆம்பர்கு நகரிற் கக்கற்கழிச்சல் நோய் பரவி எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நகரம் எல்பு ஆற்றுநீரை வடிகட்டாமற் பருகியது. அதனை ஒட்டி, ஆற்றின் கீழ்ப்புறத்தே இருந்த அல்தோனா நகரமோ, ஆம்பர்கின் கழிவு கலந்த நீரையே எடுத்தும், மணற்படுகையில் வடித்துப் பருகியதால் பெரிதும் தப்பியது. வடித்தல் ஓர் அரண் என்று அன்று உலகு உணர்ந்தது. 1908-இல் அமெரிக்காவின் செர்சி நகரக் குடிநீரில் பாசிகம் இடையறாது கலக்கப்பட்டது. அது மற்றோர் அரணாயிற்று. குடற்காய்ச்சலும் கக்கற்கழிச்சலும் அடங்கின. பாசிகம் காத்த உயிர்களுக்குக் கணக்கில்லை.

ஆனால் 1974-இல் ஒரு புதிய உண்மை வெளிப்பட்டது. நெதர்லாந்தின் உரோட்டர்டாம் நகர நீர்நிலையத்து வேதியியலார் உரூக்கு என்பார், பாசிகம் கலந்த ஆற்றுநீரில் குளோரோபார்ம் இருப்பதைக் கண்டார். அறுவை மருத்துவத்தில் ஒருகாலத்தில் மயக்கந்தரப் பயன்பட்ட அதே பொருள்! அது ஆற்றிலும் இல்லை, பாசிகத்திலும் இல்லை. பாசிகமும் நீரிலிருந்த மட்குப்பொருளும் கூடியபோது புதிதாய்ப் பிறந்தது. அதே ஆண்டில் அமெரிக்க ஆய்வாளரும் தம் நாட்டு நீரில் அதனைக் கண்டனர். 1979-இல் அமெரிக்கா, குளோரோபார்மும் அதன் உடன்பிறப்புகள் மூன்றுமாகிய நான்கும் சேர்ந்து இலிட்டருக்கு 0.10 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என வரம்பு கட்டியது. பின்னர் 1998-இல் அதனை 0.08 ஆகக் குறைத்தது. இவற்றைப் பல்லாண்டுகள் பருகுவோர்க்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்புச் சற்று மிகலாம் என ஆய்வுகள் சுட்டியுள்ளன.

10500 என்னும் எண்ணுடைய இந்தியக் குடிநீர்த் தரக்குறிப்பும், 2012-ஆம் ஆண்டுப் பதிப்பில், குளோரோபார்முக்கு இலிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என எல்லை வகுத்துள்ளது. ஏனை மூன்றற்கும் தனித்தனியே எல்லை கூறியுள்ளது. ஆனால், இவை பிறக்கக் கரணியமான கரைந்த கரிமத்திற்கு அதில் தனி எல்லை இல்லை. நிறத்திற்கு மட்டும் எல்லை உண்டு. சேய்களைக் கணக்கெடுத்த ஏட்டில் தாயின் பெயர் விடுபட்டுப் போயிற்று!

கடலை அடுத்த நிலத்தார் இன்னொன்றையும் கருத வேண்டும். கடல்நீரின் ஒவ்வோர் இலிட்டரிலும் ஏறத்தாழ 65 மில்லிகிராம் புரோமைடு என்னும் உப்பு உண்டு. உவர் ஏறிய நிலத்தடி நீரோடு அதுவும் வரும். பாசிகம் அதனைத் தூண்டிவிட, அது பாசிகத்தினும் விரைந்து மட்குப்பொருளோடு கூடி, குளோரோபார்மின் கொடிய உடன்பிறப்புகளைப் பெற்றெடுக்கும். ஊருணி நீரையும் உவர்க்கிணற்று நீரையும் ஒரே தொட்டியிற் கலந்து வெளுப்புத்தூள் இடும்போது, மஞ்சளும் உப்பும் மருந்தும் ஒன்றுகூடுகின்றன.

அப்படியானால் பாசிகத்தை விட்டுவிடலாமா? கூடாது! கூடவே கூடாது! மட்குப்பொருளின் சேய்கள் பல்லாண்டுகளிற் செய்யக்கூடும் என்று அஞ்சப்படும் கேட்டை, நோய்நுண்மி இரண்டே நாளிற் செய்துவிடும். நுண்மி நீக்கத்தில் சிறிதும் குறைவைத்தலாகாது என்பதே உலக நலவாழ்வு அமைப்பின் நிலைப்பாடும் ஆகும். செய்யத்தக்கது ஒன்றே: பாசிகத்தைக் கடைசியில் இடுக, கரிமத்தை அதற்கு முன்னர் நீக்குக. அவ்வாறு நீக்கவேண்டுமானால் அஃது எவ்வகை என்று அறிந்தாக வேண்டும்.

இனங்காணும் கருவிகள்

கரைந்த கரிமம் எவ்வளவு என்று அளக்கும் கருவி உண்டு. ஆறுகளில் அது பெரும்பாலும் இலிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம் வரை இருக்கும். ஆனால் 'எவ்வளவு' என்பது மட்டும் போதாது. 'எத்தகையது' என்பதும் வேண்டும்.

அதற்கு ஒளி உதவுகின்றது. கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிரில், 254 நானோமீட்டர் அலைநீளம் உடைய ஒளியை நீரினூடே செலுத்துவர். மட்குப்பொருளின் வளைய வடிவ மூலக்கூறுகள் அவ்வொளியை விழுங்கும். விழுங்கிய அளவைக் கரிமத்தின் அளவால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அவ்வெண் 4-க்கு மேற்பட்டால் நீரில் இருப்பது பெரும்பாலும் பருத்த மட்குப்பொருள்; படிகாரம் அதிற் பாதிக்கு மேல் வீழ்த்திவிடும். எண் 2-க்குக் கீழ்ப்பட்டால் இருப்பது பாசியும் கழிவும் தந்த சிறு மூலக்கூறுகள். படிகாரத்தை அள்ளிக்கொட்டினாலும் காற்பங்குகூட நீங்காது. ஒரே ஓர் எண், ஓர் ஆண்டுப் படிகாரச் செலவு பயனுள்ளதா வீணா என்று சொல்லிவிடுகின்றது!

வேறொரு முறையில், ஒளி பட்டதும் பொருள் திருப்பி உமிழும் ஒளியைப் பார்ப்பர். மட்கு ஒரு நிறத்தில் ஒளிரும். சாக்கடைப் புரதம் மற்றொரு நிறத்தில் ஒளிரும். நீரிற் கலந்தது காடா, கழிவா என்று அது காட்டிக்கொடுக்கும். பிசின்மணிகள் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்தி, நீரை வெறுக்கும் பகுதி, நீரை விரும்பும் பகுதி என இரண்டாய்ப் பிரிப்பதும் உண்டு. வெறுப்பது எளிதில் வெளியேறும். விரும்புவது விடாது ஒட்டும்.

கரிசல் நீருக்கு இங்கே ஒரு தனிச்சிக்கல் உண்டு. மட்கை வீழ்த்தப் படிகாரம் சிறப்பாய் வேலை செய்வது நீர் சற்றே புளிப்பாய் இருக்கும் நிலையில். கரிசலின் அடியிலோ சுக்கான்கல் கிடக்கின்றது. அதன் காரம் நீரில் ஏறி, படிகாரத்தின் புளிப்பை விழுங்கிவிடுகின்றது. ஆகவே மலையடிவார நீருக்கு வகுத்த படிகார அளவு கரிசல் நீருக்குச் செல்லாது. ஊருக்கு ஊர், பருவத்திற்குப் பருவம், முகவையில் இட்டுப் பார்த்தே அளவு கொள்ளவேண்டும். இரவற் கணக்கு இங்கே உதவாது.

விளாத்திகுளம் பக்கத்துக் கரிமூட்டங்களைப் பார்த்தோர், கரியை இட்டால் நீர் தூய்மையாகுமே என்பர். மூட்டக்கரி அடுப்புக்கு உரியது. நீருக்கு வேண்டியது, மிகு வெப்பத்தில் நீராவி செலுத்திக் கோடிக்கணக்கான நுண்துளைகள் திறக்கப்பெற்ற கிளர்கரி. அதிலும் சிரட்டைக் கிளர்கரியின் துளைகள் மிக நுண்ணியவை. சிறு மூலக்கூறுகளைப் பிடிக்கும், பருத்த மட்கு அதனுள் நுழையாது. பகையின் உருவம் அறியாமல் வலை பின்னினால் பயன் என்னை?

பொருநையின் முப்பொருள்

இனி ஊருணியை விட்டு ஆற்றுக்கு வருவோம். கோவிற்பட்டி பருகுவது சீவலப்பேரியிலிருந்து வரும் பொருநை நீர். தூத்துக்குடிக்கு நீர் தருவது வல்லநாட்டருகே அதே பொருநை. முக்கூடற்பள்ளு பாடிய நிலத்தின் நீர் குழாய் வழியே கரிசலேறி வருகின்றது.

அந்நீர் பொதிகையிற் பிறக்கும்போது அதிலிருப்பது காட்டு இலையின் மட்கு. பாவநாசத்தைக் கடந்து சமவெளிக்கு வந்தபின் வயல்வடியும் வாழைத்தோட்ட வடியும் சேர்கின்றன. தேங்கிய இடங்களிற் பாசியும் ஆகாயத்தாமரையும் அழுகுகின்றன. நெல்லை நகரைக் கடக்கும்போது ஊர்க்கழிவு கலக்கின்றது. சீவலப்பேரியோ நெல்லைக்குக் கீழே! ஆகவே, மலையில் ஒரு பொருளாய்ப் புறப்பட்ட நீர், கரிசலுக்கு வரும்போது முப்பொருளாய் வருகின்றது. மூன்றற்கும் ஒரே மருந்து எங்ஙனம் ஆகும்?

கழிவிலுள்ள வெடியவளிப் பொருள்களோடு பாசிகம் கூடும்போது மூக்கைத் துளைக்கும் நெடி எழுகின்றது. 'குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை' என்று தாய்மார்கள் முகம் சுளிப்பது பலகாலும் இதனாலேயே. மருந்து மிகுந்ததால் வந்த வாடை என்று எண்ணுகின்றனர். உண்மையில், மருந்து கழிவோடு மல்லிட்டுத் தேய்ந்ததால் வந்த வாடையாகவும் அஃது இருக்கலாம்.

பொருநைக்கு இயற்கை தந்த வடிகட்டி ஒன்று உண்டு. அது மணல். ஆற்றுமணலில் இறக்கிய உறைகிணற்றுக்கு நீர் ஊறிவரும் வழியெல்லாம், மணற்பருக்கையின்மேல் வாழும் நுண்ணுயிர்கள், எளிதில் மட்கும் பொருளைத் தின்று தீர்க்கின்றன. அல்தோனாவைக் காத்த அதே படை! ஆற்றுமணலை அள்ளிச் செல்வோர் வெறும் மண்ணை அள்ளவில்லை. குடிநீரின் காவற்படையை அள்ளிச்செல்கின்றனர்.

2023 திசம்பர் 17, 18 நாள்களிற் பெய்த பெருமழையை யாரும் மறந்திரார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. பொருநை கரைபுரண்டது. வெள்ளம் சூழ்ந்த ஊர்களில் மக்கள் குடிநீருக்குத் தவித்தனர். அத்தகைய வெள்ளத்தில் காடும் வயலும் சாக்கடையும் ஒரே நீராகின்றன. அந்நாள்களில் நேற்றைய மருந்தளவு இன்றைக்குப் போதாது. காலை அளவு மாலைக்குப் போதாது. அளந்தறிவோர்க்கே அப்போது பிழைப்பு உண்டு.

ஆறு கிண்ணங்கள்

'இக்கருவிகள் எல்லாம் நகரத்து ஆய்வகங்களில் இருப்பவை. சிற்றூரில் என்ன செய்வது?' என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. ஆய்வகம் இல்லாத ஊரிலும் செய்யத்தக்க ஓர் ஆய்வு உண்டு. ஆராக்சு என்னும் ஆங்கில மருத்துவர் வகுத்தது. வேண்டியவை ஒரு கருங்கிண்ணம், ஆறு வெள்ளைக் கிண்ணங்கள், சிறு கரண்டி, சொட்டுக்குழாய், மாப்பொருளும் அயோடைடும் கலந்த காட்டி நீர்மம்.

கரண்டி மட்டமாக 2 கிராம் வெளுப்புத்தூளைக் கருங்கிண்ணத்திற் குழைத்து, குறியிட்ட அளவுவரை நீர் ஊற்றிக் கலக்குக. ஆறு வெள்ளைக் கிண்ணங்களிலும் ஆய்வுக்குரிய நீரை ஊற்றுக. முதற் கிண்ணத்தில் தெளிந்த தூள்நீர் ஒரு சொட்டு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று என ஆறுவரை விடுக. கலக்கி அரைமணி நேரம் காத்திருக்க. பின் ஒவ்வொன்றிலும் காட்டி நீர்மம் மூன்று சொட்டு விடுக. எந்தக் கிண்ணத்தில் முதன்முதல் நீலம் தோன்றுகின்றதோ, அதன் எண்ணே விடை. மூன்றாம் கிண்ணம் நீலமானால், 455 இலிட்டர் நீருக்கு மூன்று மட்டக்கரண்டி, அதாவது 6 கிராம் தூள் வேண்டும்.

நீலம் ஆகாத கிண்ணங்கள் என்ன சொல்கின்றன? அங்கே இட்ட பாசிகத்தை நீரிலுள்ள ஏதோ ஒன்று அரைமணிக்குள் தின்றுவிட்டது என்று சொல்கின்றன. இரும்பும் கழிவும் தின்னும், கரிமப்பொருளும் தின்னும். கோடையில் இரண்டாம் கிண்ணத்தில் தோன்றிய நீலம் மழைக்குப்பின் ஐந்தாம் கிண்ணத்துக்குத் தள்ளிப்போனால், நீருக்குள் புதியதொன்று வந்து சேர்ந்தது என்பது வெள்ளிடைமலை.

இன்னும் ஒருபடி செல்லலாம். அதே நீரைப் படிகாரம் இட்டுத் தெளியவைத்து, மீண்டும் ஆறு கிண்ணங்களில் ஆய்ந்து பாருங்கள். ஐந்தாம் கிண்ணத்து நீலம் இரண்டாம் கிண்ணத்துக்கு வந்துவிட்டால், தின்ற பொருளிற் பெரும்பகுதி படிகாரத்துக்கு அடங்குவது. வராவிட்டால் அஃது அடங்காத வகை. மணற்படுகையும் கிளர்கரியும் வேண்டும், அல்லது கழிவு கலக்கும் வாயை அடைக்க வேண்டும். பள்ளி மாணவர் செய்யத்தக்க இனங்காணல் இது! மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை, கோடையில் ஒருமுறை என மூன்றுமுறை செய்து சுவரில் எழுதிவைத்தால், ஊர் தன் நீரின் குலத்தையும் குணத்தையும் அறிந்துகொள்ளும்.

இதனோடு செய்யவேண்டியவை வேறு சில. மழைக்கு முன்னரே வரத்துக்காலிற் சருகும் முள்ளும் நீக்குக. முதல் மழைநீரை ஊருணிக்குள் விடாது வெளியே திருப்புக. கரையிற் கால்நடை கட்டாதிருக்க. வெளுப்புத்தூளை மூடிய கலத்தில், வெயில் படாத இடத்தில் வைக்க. புதிய தூளில் நூற்றுக்கு முப்பத்துமூன்று பங்கு வரை இருக்கும் பாசிகம், திறந்து வைத்தால் நாளுக்கு நாள் பறந்துபோகும். குழாயின் கடைக்கோடியிலும் இலிட்டருக்கு 0.2 மில்லிகிராம் பாசிகம் எஞ்சி நிற்க வேண்டும் என்னும் விதியை மறவாதிருக்க.

மொழியே முதற் கருவி

முடிவாக ஒன்று. ஊரின் மேல்நிலைத் தொட்டியில் நாள்தோறும் ஏறி வெளுப்புத்தூள் கலப்பவர் யார்? பெரும் பட்டம் பெற்ற அறிஞரல்லர். இம்மண்ணில் பிறந்து தமிழ் மட்டுமே பேசும் எளிய உழைப்பாளி. பல நூறு குடும்பங்களின் உயிர் அவர் கைக்கரண்டியில் உள்ளது. அவருக்குச் சொல்லப்பட்டது என்ன? 'இத்தனை கிலோ போடு' என்பது மட்டும். ஏன் போடவேண்டும், எப்போது கூட்டவேண்டும், போடுமுன் எதை நீக்கவேண்டும் என்று அவர் மொழியில் அவருக்குச் சொன்னவர் எத்தனை பேர்? நீராய்வு முடிவுத்தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. அத்தாள் கோப்பிற் படுத்துறங்குகின்றது. ஊர் அறியாமையிற் படுத்துறங்குகின்றது.

காரணம் சொல்லாத கட்டளை இரண்டே வழிகளில் முடியும். ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு மிகக் கொட்டுதல். மற்றொன்று, வாடைக்கு அஞ்சிக் கொட்டாமலே விடுதல். முன்னது நெடுநாட் கேடு. பின்னது உடனடிச் சாவு. இவ்விரண்டுக்கும் நடுவே செல்லும் வழி அறிவு வழி. அவ்வறிவு தாய்மொழியில் வந்தாலன்றித் தொட்டியின் ஏணி ஏறாது.

மட்குக்காடி, பாசிப்பொருள், கழிவுப்பொருள், பாசிகம் என்னும் சொற்களைக் கற்பது மொழிப்பற்றுக்காக மட்டுமன்று. சொல் தெரிந்தால் கேள்வி பிறக்கும். 'எங்கள் நீரில் கரைந்த கரிமம் எவ்வளவு? அஃது எவ்வகை? குளோரோபார்ம் அளந்தீர்களா? விடையைத் தமிழில் எழுதித் தாருங்கள்' என்று ஊர்மன்றக் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து கேட்கும் நாள் வரவேண்டும். அக்கேள்விக்கு எந்த அலுவலரும் விடையிறுக்காமற் போக முடியாது.

எப்போதும்வென்றானில் நீர்த்தேக்கம் உண்டு, சுற்றிலும் ஊருணிகள் உண்டு, பள்ளி உண்டு, பள்ளியில் ஆறு கிண்ணங்கள் பிடிக்கத்தக்க ஆயிரம் கைகள் உண்டு. வென்றான் என்பது இறந்தகாலம். அதனை எக்காலத்துக்கும் உரியதாக்குவது 'எப்போதும்' என்னும் முன்சொல். அந்த 'எப்போதும்' என்பது தானே வந்து ஒட்டிக்கொள்வதன்று. ஒவ்வொரு தலைமுறையும் புதிதாய் வென்று சேர்க்க வேண்டுவது. முன்னோர் தேற்றாவிதையால் நீரைத் தெளிவித்தனர். தெளிந்த நீரைத் தூய நீராக்குவது இத்தலைமுறையின் கடன்.

அறிக! அளக்க! பின்னர்ப் பருகுக!